வெள்ளையடித்த கற்கள்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நாலு வேப்பமரங்களோடு தொடங்கிய நகராட்சிப் பூங்கா, சுவரை இடித்துக் கட்டிய ஒவ்வொரு முறையும் வளர்ந்தது. முதலில் சந்தைத் திடலை விழுங்கியது. போன வருடம், கைக்குழந்தைகளைப் புதைக்கும் மேட்டை. அங்கே பெயர் எழுதுகிற வழக்கம் கிடையாது. தலைமாட்டில் ஒரு கருங்கல்லை ஊன்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். பூங்காத் தோட்டக்காரர் மாசிலாமணிதான் அந்தக் கற்களைப் பெயர்த்து, நடைபாதையோரம் வரிசையாக நட்டு வெள்ளையடித்தார்.

பிள்ளையின் நினைவு நாளில் பால் சொம்போடு வந்த பவுனம்மா, முதல் கல்லில் கொஞ்சம் ஊற்றினாள். பிறகு அடுத்ததில்.

"என்னம்மா பண்ற? எறும்பு மொய்க்கும்ல."

"எம்புள்ள கல்லு எதுன்னு தெரியலையேய்யா."

பாதி வரிசையிலேயே பால் தீர்ந்துவிட்டது. வெறும் சொம்போடு நின்றாள். மாசிலாமணி வெளியே போய் ஒரு பால் பாக்கெட்டோடு திரும்பினார். தன்னிடம் தரத்தான் வருகிறார் என்று பவுனம்மா சொம்பை நீட்டினாள். அவர் அவளைத் தாண்டி நடந்தார். ஊஞ்சலுக்குப் பக்கத்தில், தான் அடையாளம் வைத்து நட்டிருந்த கடைசிக் கல்லின் முன்னால் நின்று, செருப்பைக் கழற்றினார்.