இருபத்துநாலு சீட்டு

மலர் மொட்டை மாடிக்குப் படியேறினாள்.

ஸ்ரீராம்புரத்தில் அந்தக் கட்டடத்தில் மொத்தம் இருபத்துநாலு வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்கு ஒருவராக வந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். சந்திரம்மாவின் மகன் யுவனை என்ன செய்வது என்று முடிவெடுக்கத்தான் கூட்டம்.

யுவனுக்கு மனநிலை சரியில்லை. திடீரென்று கத்துவான். கண்ட கதவைத் தட்டுவான். போன வாரம் மலரின் ஆறு வயது மகள் ரக்ஷாவுக்குப் பயத்தில் காய்ச்சலே வந்துவிட்டது.

"அவன்மேல யாருக்கும் கோவம் இல்ல," என்றார் செக்ரட்டரி பால்ராஜ். "ஒருத்தன் மனநல ஹோமுக்குப் போனா இருபத்துமூணு வீடு நிம்மதியா இருக்கும். எது பெருசுன்னு நீங்களே பாருங்க. 'போகட்டும்', இல்லன்னா 'இருக்கட்டும்'. பேர் வேணாம், எழுதி மடிச்சுப் போடுங்க. சந்திரம்மாவுக்கும் ஒரு சீட்டு உண்டு."

ஷிப்டுக்குக் கிளம்பும்போதே மலரின் கணவன் நாகேஷ் எச்சரித்திருந்தான். "எல்லாரும் எழுதறதையே எழுது. நீ மட்டும் மாத்தி எழுதினது தெரிஞ்சா, அப்புறம் நாம இங்க குடியிருக்க முடியாது."

மலருக்கும் யுவனைக் கண்டால் பயம்தான். ஆனால் ஏற்கெனவே ஒரு ஹோமுக்குப் போய்த் திரும்பியவன் அவன். பால் பாக்கெட்டை எடுக்க அவன் கை நீட்டியபோது பார்த்திருக்கிறாள். இரண்டு மணிக்கட்டிலும் சங்கிலித் தழும்பு.

கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். நாலாக மடித்துப் போட்டாள்.

பால்ராஜ் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார்.

"போகட்டும்... போகட்டும்... போகட்டும்..."

பதினேழாவது சீட்டில் நிறுத்தினார்.

"இருக்கட்டும்."

மலர் சட்டென்று பேனாவைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவாரோ?

பால்ராஜ் பெருமூச்சு விட்டார். "பெத்த மனசு. வேற எப்படி எழுதும்?"

எல்லாரும் சந்திரம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மலரை ஒருவரும் பார்க்கவில்லை. மிச்சச் சீட்டுகள் எல்லாமே 'போகட்டும்'.

தப்பித்தோம் என்று நினைத்தாள். மறுநிமிடமே உறைத்தது. இருந்த ஒரே 'இருக்கட்டும்' அவள் எழுதியது. அப்படியென்றால் சந்திரம்மா?

"அண்ணா..." மலர் எழுந்து நின்றாள். "அது அவங்களுது இல்ல. நான் எழுதினது."

பால்ராஜின் கையில் சீட்டுகள் அப்படியே நின்றன. அத்தனை தலைகளும் சந்திரம்மா பக்கம் திரும்பின.

அவள் நிமிரவே இல்லை.

"மாத்தி எழுதினா வீட்டையே காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு எனக்குப் பயமா இருந்துச்சுங்க," என்றாள். "நீங்க அத்தனை பேரும் நிம்மதியா இருக்கணும்னா, நானும் அதத்தானே எழுதணும்?"