நஜீம் சார் வந்திருந்தார்

வாசலில் வந்து நின்ற காரைப் பார்த்ததும் யோகப்பிரியா அப்பா ஆறுமுகசாமியின் பின்னால் போய் நின்றாள். இறங்கியவர் நஜீம். கோவைக் கம்பெனியில் அவளுக்கு மேனேஜராக இருந்தவர். தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், மனநல டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து அவள் லீவு கேட்டபோது, "எல்லாருக்கும்தாம்மா வேலை இருக்கு" என்று கையை விரித்தவர். வேலையே வேண்டாமென்று அவள் வாளையாருக்குத் திரும்பி ஆறு மாதமாகிறது.

"திரும்பக் கூப்பிட வந்திருக்காருங்கப்பா. நான் போகமாட்டேனுங்க."

"நீ இரு சாமி, நான் பேசிக்கறேன்" என்று ஆறுமுகசாமி முன்னால் போய் வரவேற்று உட்கார வைத்தார்.

கொடுத்த மோரைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார் நஜீம்.

"இப்பத் தூக்கம் வருதாம்மா?"

"வருதுங்க சார்."

"சாப்பாடு?"

"நல்லாச் சாப்பிடறேனுங்க."

"பொண்ணு இப்பத்தானுங்க சிரிக்கறா," என்றார் ஆறுமுகசாமி. "அவளை விட்டுருங்க."

"கூப்பிட வரலீங்க." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நஜீம் அவள் பக்கம் திரும்பினார். "நீ பார்த்த டாக்டர் எங்கே இருக்காருன்னு கேட்கத்தான் வந்தேன். ஒரு வாரமா ஆபீஸ் வாசல் வரைக்கும் போறேன். காரை விட்டு இறங்க முடியல. என் வீட்டுக்காரிக்குத் தெரியாது. தினமும் சோறு கட்டிக் கொடுக்கிறா."

அவரிடம் கேட்பதற்கென்று எத்தனையோ கேள்விகளை மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தாள் யோகப்பிரியா. எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்து செருப்பை மாட்டினாள்.

"தனியாப் போகாதீங்க சார். நானும் வர்றேனுங்க," என்றாள்.

நஜீம் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.