ஆயிரம் வருஷத்து ஐஸ்

“மெதுவா, மெதுவா! கையில இருக்கிறது பத்தாயிரம் வருஷத்து ஐஸ்!”

கண்ணாடிக் கிண்ணத்தை ஏந்தி வந்த சங்கீதா அப்படியே நின்றாள். “ஆயிரம்னுதானேங்க கைடு சொன்னாரு?”

“அவன் அடக்கமான ஆளு” என்றார் விஜயபாஸ்கர்.

ஐஸ்லாந்திலிருந்து துபாய்க்கு வந்த பத்தே நாளில் ஐஸுக்கு ஒன்பதாயிரம் வயது கூடியிருந்தது.

கராமா பகுதியில் இருந்த அவர் ஃபிளாட்டில் அன்று இரண்டே விருந்தாளிகள். ஒருவர், விஜயபாஸ்கர் வேலை பார்க்கும் கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் ஜெயசீலன். அபுதாபி கிளைக்கு யாரை மேனேஜராகப் போடுவது என்று இந்த வாரம் அவர் முடிவு செய்தாக வேண்டும். இன்னொருவர் எதிர் ஃபிளாட் மீராசா. தேராவில் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர். ஆமாம் போட ஓர் ஆள் வேண்டுமே என்று கூப்பிட்டது.

“அருணா மேடமும் லீவுக்கு ஜார்ஜியா போனாங்க” என்று ஆரம்பித்தார் விஜயபாஸ்கர். அபுதாபிக்கு அவரோடு போட்டியில் இருந்த ஒரே ஆள் அந்த அருணாதான். “என்ன கொண்டு வந்தாங்க? சாக்லேட்! நம்ம கீழ இருக்கிற பக்காலா மளிகைக் கடையிலயே கிடைக்குது சார்.”

“அதை விடுங்க. பனிப்பாறை எப்படி இருந்துச்சு?” என்றார் ஜெயசீலன்.

“குரூஸ் போன அன்னிக்குச் சரியான மழை சார்.”

முக்கால் மணி நேரப் படகுச் சவாரிக்கு அவர் வைத்த பெயர் குரூஸ்.

“ஒண்ணும் தெரியல சார்” என்றாள் சங்கீதா. “பக்கத்துல உட்கார்ந்திருந்த எங்க பொண்ணே தெரியல.”

“எல்லாரும் ரெயின்கோட்டை மூக்குவரைக்கும் இழுத்துக்கிட்டாங்க. நான் கழட்டிப் போட்டுட்டு எழுந்து நின்னேன். இயற்கையை நேருக்கு நேரா சந்திக்கணும் சார்!”

“நூத்தி மூணு டிகிரி காய்ச்சலைத்தான் சந்திச்சாரு. ஏர்போர்ட்ல இருந்து வந்தவரு நேரா கட்டில்லதான் விழுந்தாரு.”

“மூணு நாள் நினைவே இல்ல சார். ஆனா ஐஸுக்கு ஒண்ணும் ஆகல! தண்ணியில மிதந்ததைக் கைடு எடுத்துக் குடுத்தான். பிளாஸ்க்ல வெச்சுக் கொண்டு வந்து, படுக்கிறதுக்கு முன்னாடி முதல் வேலையா ஃப்ரீசரைக் காலி பண்ணினேன். மட்டன், ஐஸ் ட்ரே எல்லாத்தையும் தூக்கி வெளிய போட்டேன். அது பக்கத்துல வேற எதுவும் இருக்கக் கூடாது பாருங்க!”

மூன்று டம்ளர் வெறும் தண்ணீரில் ஐஸ் துண்டுகள் விழுந்தன. சர்பத்தில் போட்டால் புனிதம் கெட்டுவிடுமாம்.

ஜெயசீலன் கண்ணை மூடி ஒரு மடக்கு குடித்தார். நெற்றி சுருங்கியது.

“லேசா மீன் வாசம் அடிக்குதே?”

மீராசாவுக்குப் புரையேறியது. சங்கீதா அவசரமாகச் சமையலறைக்குள் போனாள்.

விஜயபாஸ்கர் அசரவில்லை. “அடிக்கத்தான் செய்யும் சார். அது பத்தாயிரம் வருஷத்து மீன்!”

ஜெயசீலன் இன்னொரு மடக்கு குடித்தார். இப்போது முகத்தில் பக்தியே வந்துவிட்டது. “சாக்லேட் யார் வேணாலும் வாங்கிட்டு வரலாம். இப்படி ஒரு அசல் சரக்கைக் கொண்டு வர ஒரு கண்ணு வேணும். ஒண்ணாம் தேதி அபுதாபில ஜாயின் பண்ணிடுங்க.”

போகும்போது, “மிஸஸும் ருசி பாக்கட்டும்” என்று நாலு துண்டைப் பிளாஸ்க்கில் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

லிஃப்ட் கதவு மூடியதும் மீராசா திரும்பினார்.

“தங்கச்சி, மிச்சம் இருந்தாக் கொட்டிடும்மா. பாறை மாதிரி கட்டியா வேணும்னு கேட்டியேன்னுதான் நம்ம கடையில வஞ்சிரத்து மேல கிடந்ததை எடுத்தாந்தேன். குடிக்கக் குடுப்பீகன்னு யாரு கண்டா!”

அவர் தன் ஃபிளாட்டுக்குள் போய்விட்டார். அபுதாபி மேனேஜருக்கு வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

“அப்ப... என் ஐஸ் எங்கடி?”

“ட்ரேயெல்லாம் தூக்கிப் போட்டுட்டு அன்னிக்கு அனத்திக்கிட்டுக் கிடந்தீங்களே, நெத்தியில வைக்க வீட்டுல வேற என்ன இருந்துச்சு?” என்றாள் சங்கீதா. “ஆயிரம் வருஷம் உருகாம இருந்தது, உங்க தலையில பத்து நிமிஷம் தாங்கலீங்க.”