ஏழாம் கம்பத்திலிருந்து எட்டாம் கம்பம் வரை

முப்பத்தொன்பது வரிகள் சிவப்பாக வந்து நின்றன.

வழியில் நின்றுவிட்ட வண்டிகள், நீக்கவா என்று கணினி கேட்டது.

அவன் விரல் 'ஆம்' மேல் போய்விட்டது. பழக்கதோஷம். மூன்று வருடமாக அந்தக் கேள்விக்கு அவன் வேறு பதில் சொன்னதில்லை.

அப்புறம்தான் தேதியைப் பார்த்தான்.

போன மாதம் ஒன்பதாம் தேதி. மாலை ஆறு பன்னிரண்டு. ஏழாம் கம்பத்திலிருந்து எட்டாம் கம்பம் வரை.

விரலை எடுத்தான்.

கம்பத்துக்கு ஒரு பெட்டி. கீழே போகிறவர்களின் ஃபோனில் ப்ளூடூத் போட்டிருந்தால் அது மேலிருந்தே கண்டுகொள்ளும். அடுத்த கம்பத்திலும் அதே ஃபோன் தட்டுப்பட்டால், இடையில் எத்தனை நிமிடம் ஆனது என்று தெரிந்துவிடும். பெயர் தெரியாது. நம்பர் தெரியாது. ஃபோனுக்கு ஒரு குறியீடு, அவ்வளவுதான். மாத அறிக்கை போனதும் அதுவும் அழிந்துவிடும்.

அறிக்கை இன்று மாலைக்குள் போக வேண்டும்.

ஏழிலிருந்து எட்டு வரை மூன்றரை கிலோமீட்டர். வழக்கமாகப் பன்னிரண்டு நிமிடம். ஊருக்கே அதைச் சொல்கிறவன் அவன். அன்று மனைவி மேகலாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அதைத்தான் கத்தினான். பன்னிரண்டு நிமிடத்தில் போகிற ரோடு, மிதியுங்கள் என்று.

அவளுக்கு எட்டாம் மாதம். புடவையெல்லாம் ரத்தம்.

குலுங்காமல் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் ஃபோனில் சொல்லியிருந்தார். கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பது மட்டும்தான் அவன் காதில் விழுந்திருந்தது.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

"குலுங்காம போறதுதானுங்க இப்ப வேகம்" என்றார்.

ஒவ்வொரு குழியிலும் மெல்ல இறக்கி மெல்ல ஏற்றினார். வேகத்தடை வந்தால் வண்டி நின்றுவிட்டதோ என்று இருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்று அவனுக்கு அதுவும் இல்லை. அவரை வாய்க்கு வந்தபடி திட்டினான். முட்டுகிற மாதிரி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்த டவுன் பஸ்ஸையும் திட்டினான். அதன் நெற்றியில் இருந்த 14 சி வரைக்கும் நினைவிருக்கிறது.

இருபத்தேழு நிமிடம் ஆனது.

நல்லவேளை, அலுங்காமல் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். அந்தப் பாராட்டை வெட்கமில்லாமல் அவன் வாங்கிக்கொண்டான். வெளியே ஓடிவந்தபோது ஆட்டோ போய்விட்டிருந்தது. பிறகு மூன்று ஸ்டாண்டுகளில் தேடினான். அவன் பார்த்திருந்தது அவருடைய பிடரியை மட்டும்தான். பிடரியை வைத்துக்கொண்டு யாரைக் கண்டுபிடிப்பது?

இப்போது அவர் இந்தப் பட்டியலில் இருந்தார்.

முதல் மூன்று வரிகள் ஒன்றாக நுழைந்து ஒன்றாக வெளியேறியவை. அவன், மேகலா, ஆட்டோக்காரர்.

மீதி முப்பத்தாறு?

அவையும் ஒன்றாகத்தான் நுழைந்திருந்தன, ஆட்டோவுக்கு நான்கு விநாடி பின்னால். ஒன்றாகத்தான் வெளியேறியிருந்தன. அப்போதும் நான்கு விநாடி பின்னால்.

ஒரே இடத்தில் இத்தனை ஃபோன் என்றால் அது பஸ்.

ரோடு அடைத்திருக்கும், பஸ் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தான். சிவப்பில் வராத மற்ற வரிகளையும் திறந்து பார்த்தான்.

பஸ்ஸுக்குப் பின்னால் நுழைந்த கார்கள் எல்லாம் அதற்கு வெகு முன்பே எட்டாம் கம்பத்தைத் தொட்டிருந்தன. லாரிகள்கூட. முந்திப் போக இடம் இருந்திருக்கிறது.

பஸ் மட்டும் முந்தவில்லை.

ஆட்டோவின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. உயரமான இருக்கையில் இருக்கிற பஸ் டிரைவருக்கு அதன் வழியே எல்லாம் தெரிந்திருக்கும்.

அந்த பஸ் ஒரு தடவைகூட ஹார்ன் அடிக்கவில்லை என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அது துரத்தவில்லை. வேறெதுவும் வந்து இடித்துவிடாமல் இருபத்தேழு நிமிடமும் பின்னால் மறைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

முப்பத்தாறு பேர். ஃபோன் இல்லாதவர்கள் இன்னும் எத்தனையோ. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நேரம். ஏனப்பா ஊர்கிறாய் என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார். யாராவது ஒருவர் காரணம் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

யார் பெற்ற பிள்ளைகளோ.

கண் நிறைந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டான்.

கணினி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

'இல்லை' என்று அழுத்தினான். அன்றைய சராசரி நேரம் ஏறியது. ஏன் ஏறியது என்று மேலதிகாரி கேட்பார். கேட்கட்டும்.

அறிக்கை போனது. திரையில் இருந்த குறியீடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன.

மகளுக்கு இன்றோடு முப்பத்து மூன்று நாள். மாலையில் டாக்டரிடம் காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்ததும், ஆட்டோ வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்றான். மேகலா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சொல்கிறேன் என்றான்.

ஆறு பத்துக்கு 14 சி வந்தது. நல்ல கூட்டம்.

"அண்ணா, எடுத்துராதீங்க. கைக்கொழந்தைங்க" என்று கண்டக்டர் முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தார்.

பஸ் நின்றது. கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். பை ஒன்று கைமாறிக் கைமாறி மேலே போனது. மேகலா குழந்தையோடு உட்கார்ந்து, சாய்ந்து, முந்தானையைச் சரிசெய்யும் வரை டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகுதான் கியரைத் தொட்டார்.

அன்று ஓட்டியவர் இவர்தானா என்று தெரியவில்லை. இந்த முகங்களில் எவை அன்று இருந்தவை என்றும் தெரியவில்லை. சொல்ல வேண்டியதை மதியத்திலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் காசை நீட்டினான்.

"ஆஸ்பத்திரி ஒண்ணுங்க" என்று மட்டும் சொன்னான்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. தன் சீட்டை வாங்கி, மற்றவர்களோடு மற்றவனாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஏழாம் கம்பம் வந்தது.

ஃபோனை எடுத்து ப்ளூடூத் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.