கொண்டைக் கள்ளி

ஔந்தில் இருக்கும் ப்ரீதியின் வீட்டுப் பால்கனியில், சேவல் கொண்டைபோல் மடிந்து வளர்ந்திருந்த கள்ளிச்செடியைத் தொட்டியோடு திருப்பிப் பார்த்தான் ஹர்ஷா.

“மறுபடியும் நேரா ஒரு கொம்பு விட்டிருக்கே. உரம் போட்டியா, ப்ரீதி?”

“இல்லையே.”

“போட்டா இப்படித்தான் வரும். வெட்டாம விட்டா கொண்டையே போயிடும்.”

“அதான் உன்னைக் கூப்பிட்டேன். எனக்கு வெட்ட பயமா இருக்கு.”

கொம்பை வெட்டிவிட்டுக் கை கழுவினான்.

“டீ போடறேன், ஹர்ஷா.”

“வேண்டாம். ஊரோட அந்தக் கோடி, மகர்பட்டா வீட்டுக்குப் போய்ச் சேரணும், டிராஃபிக் ஆயிடும்.”

“டைவர்ஸ் ஆனப்பவே இதையும் எடுத்துட்டுப் போயிருக்கலாம் நீ.”

“போயிருக்கலாம்” என்றபடி ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அவன் போனதும், தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த உரப் பாக்கெட்டை எடுத்தாள் ப்ரீதி. அதில் ஒரு பிடிகூட மிச்சமில்லை.

பக்கத்திலேயே, அவள் வாங்காத புதுப் பாக்கெட் ஒன்று இருந்தது.