சனிக்கிழமைக் கலங்கல்

முல்லைத்தீவில் அள்ளிவந்த கடல்நீர் இந்தச் சனிக்கிழமையும் மீன்தொட்டியில் பாலாய்க் கலங்கிக் கிடந்தது. ரஜிதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வாளியில் மணலும் கரியும் பஞ்சும் அடுக்கி அவனே செய்த வடிகட்டி. முதலில் மணலை மாற்றினான். போன கிழமை பம்பை மாற்றினான். கிழமை முழுக்கத் தெளிவு, சனிக்கிழமை மட்டும் இந்தக் கூத்து!

ஆத்திரத்தில் பஞ்சைப் பிய்த்து உதறினான். திராட்சைப்பழம் போல ஊதிப்போன முந்திரிகைவத்தல் ஒன்று விழுந்தது.

மீனுக்குத் தீனி போடுவது மாமியார் நாகேஸ்வரி.

"மாமி, நேற்றும் இறால்தானே போட்டனீங்கள்?"

"என்ன கதை தம்பி இது?" குசினியிலிருந்து குரல் வந்தது. "வெள்ளிக்கிழமையில இந்த வீட்டில ஆருக்கும் மச்சம் மாமிசம் இல்லை. கோயில் சக்கரைப்பொங்கலை உதிர்த்துப் போட்டனான். மீனெண்டாலும் எங்கட வீட்டு மீனெல்லே!"