கடைசியாக யாரோடு கதைத்தான்?

"கடைசியா அவன் கதைச்சது என்னோடதான்" என்றான் யூட், இரண்டாவது மீன் பணிஸைக் கடித்துக்கொண்டே.

ஏழாம் நாள் செபம் முடித்து சுவாமியார் அப்போதுதான் போயிருந்தார். ஆலங்குடாவில் மெல்றோய் வீட்டு முற்றத்துத் தறப்பாள் பந்தலுக்குள், கூட்டாளிமார் மூன்று பேரும் கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, போனவனை நினைத்து உருகிக்கொண்டிருந்தார்கள். உருகுவதற்கும் தின்பதற்கும் ஒரே வாய் என்பதால் பாவம், கொஞ்சம் சிரமப்பட்டார்கள்.

வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் முகப்பில் அவர்கள் கட்டிய 'கண்ணீர் அஞ்சலி' பனர் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் மெல்றோய், கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட இவர்கள் மூவரும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் செத்தது நாலு பேர் என்றுதான் நினைப்பார்கள்.

நினைவுகளுக்கு மட்டும் குறைவே இல்லை. மெல்றோய் எவ்வளவு நல்ல பொடியன் என்று தொடங்குகிற கதை, யூட் வொலிபோல் மட்ச் வென்ற விதத்தில் வந்து முடியும். ஹோட்டலில் வேலை செய்யும் சாரங்கன், வெள்ளைக்காரர்களைக் கடலில் காப்பாற்றியதாக ஒரு கதை சொன்னான். அதில் மெல்றோய்க்குக் கிடைத்தது பை தூக்குகிற வேலை. மதுரங்குளியில் மஹ்ரூபின் ஓட்டோ நின்றுபோனபோது பின்னால் நின்று தள்ளியவன் மெல்றோய்தான். ஆனாலும் முன்னால் உட்கார்ந்து ஹாண்டிலைப் பிடித்த மஹ்ரூப்தான் அந்தக் கதையின் வீரன்.

மெல்றோயின் தாய் யூஜீனியா தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். மகன் கடலுக்குப் போக முதல்நாள் இரவு, இரண்டு பேருக்கும் நடந்த சண்டை அயலுக்கெல்லாம் கேட்டது. விடியற்புறம் அவன் தாயின் முகத்தையும் பார்க்காமல் தனியே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான்.

நடுக்கடலில் எஞ்சின் நின்றிருக்கிறது. பிறகு வள்ளம் கவிழ்ந்து, உடல் உடப்புக் கிராமத்துப் பக்கம் கரையொதுங்கியது. போனில் ஒரு கோல் எடுத்திருந்தால் ஊரே போய் இழுத்துக்கொண்டு வந்திருக்குமே என்று கரையில் எல்லோரும் கதைத்தார்கள்.

யூஜீனியாவைத் தின்றுகொண்டிருந்தது வேறொன்று. பிள்ளை தன்மேல் கோபத்தோடுதான் செத்தானா என்பது மட்டும் அவளுக்குத் தெரியவேண்டும்.

"எப்ப மகன் அவன் உங்களுக்குப் போன் எடுத்தவன்?" என்று யூட்டிடம் கேட்டாள்.

"விடிய அன்ரி. கடலுக்கு இறங்க முன்னம்."

"எந்த நம்பரில இருந்து?"

யூட் முழித்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதையும் கேட்பாள்தானே என்று சமாளித்துக்கொண்டு, அவனுடைய நம்பரில் இருந்துதான் என்றான். அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள் என்று சொன்னானாம். யூட் தலவிலக் கோயில் அன்னம்மாள்மேல் சத்தியமும் செய்தான்.

யூட்டுக்கு இந்தப் பெருமை போவது சாரங்கனுக்குப் பொறுக்குமா? வள்ளத்தில் ஏறுகிற நேரம் மெல்றோய் தனக்கும் எடுத்ததாக அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். பின்னேரம் வந்து அம்மாவின் நண்டுக்கறி தின்போம் என்றானாம்.

யூஜீனியா அவனிடமும் அதையே கேட்டாள். கரையில் மீன்வாடியில் நின்ற வேறு யாருடைய போனாவது இருக்குமா, நன்றாக யோசித்துப் பார் மகன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். சாரங்கன் நெஞ்சில் கையை வைத்து, மெல்றோயின் பெயரே போனில் விழுந்தது என்றான். அவள் தலையை ஆட்டினாள், தட்டத்தைக் கீழே வைக்கவே மறந்துபோனாள்.

மிச்சம் இருந்தது மஹ்ரூப். கடைசிக் கோல் கிடைக்காதவன் என்ன கூட்டாளி என்று ஊர் கேட்டுவிடும் என்ற பயம் அவனுக்கு. சண்டை நடந்த கதையும் அவன் காதில் விழுந்திருந்தது.

"எனக்கு எடுத்தது அதுக்கும் பொறகு அன்ரி" என்றான். "எஞ்சின் நிண்ட பொறகு."

யூஜீனியா அவன் கிட்ட வந்தாள். "அதுவும் அவன்ட நம்பரா, மகன்?"

"வேற ஆர்ட நம்பர்? பேட்டரி முடியப்போகுது எண்டு சொன்ன. அம்மாட்ட எனக்கு ஒரு கோவமும் இல்ல, அத மட்டும் சொல்லிரு எண்டு சொன்ன."

அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அவள் ஏழு நாளும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யூட் மஹ்ரூபின் தோளில் தட்டினான். சாரங்கன் கண்ணைத் துடைத்துவிட்டு, தன் போனை எடுத்து அவள் முகத்தை வீடியோ பிடித்தான்.

யூஜீனியா தட்டத்தை அவர்கள் நடுவில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அலுமாரியின் பூட்டு திறக்கிற சத்தம் வெளியே கேட்டது.

"மெல்றோய்ட நல்ல சேட் ஏதும் எடுத்துத் தரப்போறா போல" என்றான் யூட், குரலைத் தாழ்த்தி. அவனுடைய உடுப்பு அளவு தனக்குத்தான் சரி என்றும் சொல்லி வைத்தான்.

அவள் திரும்பி வந்து, கையில் இருந்ததைத் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தாள். மூலை வெடித்த கண்ணாடி, பின்னால் அந்தோனியார் ஸ்டிக்கர். மூன்று பேருக்கும் நன்றாகத் தெரிந்த போன். வீடியோ பிடித்துக்கொண்டிருந்த சாரங்கனின் கை தானாகவே கீழே இறங்கியது.

"இரவிரவா உங்களோட கதைக்கிறானெண்டு, அண்டிரவு நான்தான் பறிச்சுப் பூட்டி வைச்சனான்" என்றாள் யூஜீனியா.

"இது இல்லாமத்தான் மகன், என்ட பிள்ளை கடலுக்குப் போனது."